அச்சடிப்பது ஒரு வேலை, பதிப்பிப்பது இன்னொரு வேலை: சொந்தமாகப் புத்தகம் போட நினைப்பவர்களுக்கு

தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், என் மடியிலிருந்த புத்தகக் கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒரு புத்தகம் போட எவ்வளவும்மா ஆகும்?" பாம்பன் பாலம் தாண்டி மண்டபம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். உச்சிப்புளி தாண்டியும் முடியவில்லை. அவரிடம் நாற்பது வருஷ நாட்குறிப்பு இருந்தது. அதைத் தாளில் அடித்து அட்டை போட்டுக் கொடுக்க ஒரு அச்சகம் போதும் என்று நினைத்திருந்தார். அச்சகம் செய்வது அச்சடிக்கும் வேலை. அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற வேலைகளுக்குப் பெயர் பதிப்பித்தல். சொந்தமாகப் புத்தகம் போடுவது என்றால் அந்த இரண்டாவது வேலையைத் தலையில் எடுத்துக்கொள்வது. அன்று பஸ்ஸில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கணக்கிலேயே சொன்னால் சுலபமாகப் புரியும். விசைப்படகில் பங்குக்குப் போகிறவர் டீசலுக்கும் ஐஸுக்கும் வலைக்கும் கவலைப்பட வேண்டாம். அது படகுக்காரர் பாடு. பிடிபட்டதில் இவருக்கு உரிய பங்கு வரும். பதிப்பகத்திடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுப்பது அப்படித்தான். எழுதியவருக்கு ராயல்டி, பெரும்பாலும் விலையில் 10 விழுக்காடு அளவில். சொந்த நாட்டுப்படகில் போகிறவருக்கு எல்லாச் செலவும் அவருடையது, மீனும் அவருடையது, வெறும் வலையோடு திரும்பினால் அதுவும் அவருடையது. சொந்தப் பதிப்பு இந்த இரண்டாவது வகை.

நடுவில் மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. நோஷன் பிரஸ், போத்தி.காம் போன்ற நிறுவனங்கள் எழுத்தாளர் கொடுக்கும் கோப்பை வைத்துக்கொண்டு, ஆர்டர் வரும்போது வரும் எண்ணிக்கைக்கு மட்டும் அச்சிட்டு அனுப்புகின்றன. இதைப் பிரின்ட் ஆன் டிமாண்ட் என்பார்கள். ஒரு பிரதிகூட அடிக்கலாம். வீட்டில் கட்டு அடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பிரதியின் அடக்க விலையும் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். வெளிநாட்டிலும் வெளியூரிலும் சிதறிக் கிடக்கிற வாசகர்களுக்கு இது நல்ல வழி. உங்கள் வாசகர்கள் மண்டபத்திலும் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் இருந்தால், கையில் பிரதி வைத்திருப்பதுதான் உதவும். மீன் ஏலக்கூடத்துப் பக்கத்து டீக்கடையில் ஒரு பிரதியைக் காட்டினால் நாலு பேர் வாங்குவார்கள். லிங்க் அனுப்பினால் "பாக்குறேன்"தான்.

இதில் ஒரு எச்சரிக்கை. "பேக்கேஜ்" என்று ஒரு தொகை சொல்லி எல்லாவற்றையும் தாங்களே செய்வதாகச் சிலர் சொல்வார்கள். அது தப்பில்லை, ஆனால் பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள். புத்தகத்தின் உரிமை யாருக்கு? ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண் யார் பெயரில்? பக்க வடிவமைப்பின் திறந்த கோப்பு, அதாவது மறுபடி திருத்தக்கூடிய மூலக் கோப்பு, என் கைக்கு வருமா? என் முதல் புத்தகத்துக்கு மூன்றாவதைக் கேட்காமல் விட்டேன். வெறும் பி.டி.எஃப் மட்டும் கிடைத்தது. இரண்டாம் பதிப்பில் பதினோரு பிழைகளைத் திருத்த, 140 பக்கத்தையும் மறுபடி வேறொருவரிடம் காசு கொடுத்து வடிவமைக்க வேண்டியதாயிற்று.

எழுத்து தயாராவது

அந்த முதல் புத்தகம் என் பெரியப்பா சொன்னது. கடல் காற்றுகள், நீரோட்டங்கள், மீன்கள், பாடுகள் பற்றிய சொற்களும், 1964 டிசம்பர் 22 இரவுப் புயலைச் சிறுவனாக அவர் பார்த்ததும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று அவர் சொல்லச் சொல்ல போனில் பதிவு செய்து, பிறகு கம்ப்யூட்டரில் தட்டினேன். எழுதி முடித்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது.

முதலில் எழுத்துரு. இன்று போனிலும் கம்ப்யூட்டரிலும் நாம் தட்டுவது யூனிகோட், எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கம். ஆனால் நம் ஊர்களில் பல டி.டி.பி. கடைகளில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் பழைய எழுத்துருக்களும்தான். பேஜ்மேக்கருக்குத் தமிழ் யூனிகோட் ஆகாது. அதனால் உங்கள் கோப்பை அவர்கள் வேறு குறியாக்கத்துக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது ஸ்ரீ, க்ஷ போன்ற எழுத்துகளும் மேற்கோள் குறிகளும் உடையும். "கௌதாரி"யின் கௌ, கெள என்று கொம்பும் ளகரமுமாகப் பிரிந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் கிடைக்காது. இன்டிசைன் என்ற புதிய மென்பொருளில் வேலை செய்கிறவரிடம் கொடுத்தால் யூனிகோடிலேயே போகலாம். அதிலும் வேர்ல்ட் ரெடி கம்போஸர் என்ற அமைப்பை இயக்காவிட்டால், கொ என்ற எழுத்தின் கொம்பு இடம் மாறி உட்கார்ந்துவிடும். வடிவமைப்பாளரிடம் முதலில் இரண்டு பக்கம் மட்டும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டு பக்கத்திலேயே எல்லாக் கோளாறும் தெரிந்துவிடும்.

அடுத்தது மெய்ப்பு, அதாவது பிழை பார்த்துத் திருத்துவது. எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. எழுதியவர் தன் பிழையைப் பார்க்க மாட்டார். மனசு சரியான சொல்லையே வாசித்துக்கொண்டு போகும். ஆகவே இன்னொருவர் வேண்டும், காசு கொடுத்தாவது. நான் வெளியூரில் அனுபவமுள்ள மெய்ப்புத் திருத்துநர் ஒருவரிடம் கொடுத்தேன். ஒற்றுகளையெல்லாம் அழகாகச் சரிசெய்திருந்தார். திருத்திய பிரதியைத் தாளில் எடுத்து, கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியப்பாவிடம் வாய்விட்டு வாசித்தேன். "அன்னைக்கு நீராடு வலுவா இருந்துச்சு" என்று ஒரு வரி. ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"என்னத்தா வாசிக்கிற? நாங்க குளிக்கவா போனோம்?"

அவர் சொன்னது நீவாடு. கடலுக்குள் ஓடும் நீரோட்டத்துக்கு எங்கள் கரையில் அதுதான் பெயர். திருத்துநருக்கு அது தட்டச்சுப் பிழையாகத் தெரிந்திருக்கிறது. பதினான்கு இடத்திலும் நீராடு ஆக்கிவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. நான் ஒரு சொற்பட்டியல் கொடுத்திருக்க வேண்டும். இப்போது யாருக்கு உதவினாலும் முதல் வேலை அதுதான்: ஊர்ச் சொற்கள், ஆட்பெயர்கள், இடப்பெயர்கள், நீங்கள் பிடிவாதமாக ஒரே மாதிரி எழுத விரும்பும் சொற்கள், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, "இவற்றைத் தொடாதீர்கள்" என்று மேலே போட்டுக் கொடுத்துவிடுங்கள். எழுதுவது நம் கரையின் பேச்சு என்றால் இந்தத் தாள் இல்லாமல் கோப்பு வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

மூன்று மெய்ப்பாவது பாருங்கள். வடிவமைப்புக்கு முன் ஒன்று, வடிவமைத்த பின் தாளில் ஒன்று, அச்சுக்குப் போகும் கடைசிக் கோப்பில் ஒன்று. கடைசியில் பக்க எண், தலைப்பு, பொருளடக்கத்தில் உள்ள எண்ணும் உள்ளே உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

பாரம், தாள், ஓரம்

தமிழ்ப் புத்தகங்களில் அதிகம் புழங்கும் அளவு டெமி, எட்டரை அங்குலத்துக்கு ஐந்தரை அங்குலம். அதைவிடச் சிறியது கிரவுன். சட்டைப்பைக்குப் பக்கத்தில் நிற்கிற அளவு, கவிதைக்கு நன்றாக இருக்கும்.

அச்சகத்தில் கணக்கு பக்கத்தில் நடக்காது, பாரத்தில் நடக்கும். பெரிய தாள் ஒன்றை இருபுறமும் அடித்து மடித்தால் 16 பக்கம். அது ஒரு பாரம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வந்தது. அதற்கு 16 பக்கம், இன்றைய கணக்கில் ஒரே ஒரு பாரம். உங்கள் புத்தகம் 160 பக்கம் என்றால் பத்துப் பாரம். 163 பக்கம் வந்துவிட்டால்? மூன்று பக்கத்துக்காக அரைப் பாரம் கூட்டி 168 ஆக்க வேண்டும், இல்லை எங்காவது மூன்று பக்கத்தைச் சுருக்க வேண்டும். எழுதி முடித்ததும் பக்கத்தை எட்டால் வகுத்துப் பாருங்கள். மிச்சம் வரும் பக்கங்களை வெறுமையாக விடாமல், ஒரு சொல்லடைவுக்கோ (சொல்லும் பொருளும் தரும் பட்டியல்) படத்துக்கோ கொடுத்துவிடலாம்.

தாள் பெரும்பாலும் 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில். வெள்ளை வெளேர் என்று இல்லாமல் லேசான பழுப்பில் வரும் நேச்சுரல் ஷேட் தாள் கண்ணுக்கு இதம். முக்கியமாக மதிய வெயில் மணலில் பட்டுத் தெறிக்கிற ஊரில் வாசிப்பவர்களுக்கு. அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு, மேலே மேட் அல்லது பளபளப்பு லேமினேஷன்.

ஓரத்தைப் பற்றி ஒரு சொல். முதுகுப் பக்கம் பசை போட்டு ஒட்டும் பைண்டிங்கில் புத்தகம் முழுதாக விரியாது. உள் ஓரத்தை வெளி ஓரத்தைவிடத் தாராளமாக விடாவிட்டால் வரியின் முதல் எழுத்து மடிப்புக்குள் போய்விடும். என் முதல் பதிப்பில் அப்படித்தான் ஆயிற்று. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து வாசிக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் பசை விடும், தாள் உதிரும். காசு இருந்தால் பாரங்களை நூலில் தைத்து ஒட்டச் சொல்லுங்கள். பல கை மாறும் புத்தகம், நூலகத்துக்குப் போகும் புத்தகம் என்றால் அந்தச் செலவு நியாயமானது.

அட்டை

அட்டைக்குப் படம் கொடுக்கும்போது கடற்கரை ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் ஏமாறுகிறோம்: நீலம். போன் திரையில் அரிச்சல்முனைக் கடல் பச்சையும் நீலமுமாக ஜொலிக்கும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு, மையால் நிறம் காட்டுகிறது. சையான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையில் அந்த நீலம் கிடைக்காது. மங்கிச் சாம்பல் படிந்து வரும். வடிவமைப்பாளரிடம் படத்தை இந்த நாலு மை முறையான சி.எம்.ஒய்.கே.-வுக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு அட்டையை மட்டும் அடித்துப் பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும், அட்டைக்கு ஆகாது. டாக்குமென்டாக அனுப்புங்கள் அல்லது பென் டிரைவில் கொடுங்கள். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், சுற்றிலும் வெட்டுக்குப் போகும் 3 மி.மீ. கூடுதல் வேண்டும்.

முதுகின் அகலத்தைத் தாளின் பருமனும் பக்கமும் முடிவு செய்யும். 160 பக்கம் என்றால் 80 தாள், 70 ஜி.எஸ்.எம்-இல் ஏழு, எட்டு மில்லிமீட்டர் வரும். தாளை முடிவு செய்யாமல் அட்டையை முடிக்காதீர்கள். தலைப்பு முதுகிலிருந்து வழிந்து முன்பக்கம் எட்டிப் பார்க்கிற புத்தகங்கள் எல்லாம் அந்த அவசரத்தில் வந்தவை.

எத்தனை பிரதி?

பஸ்ஸில் கேட்ட "எவ்வளவு ஆகும்" என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது, அது எண்ணிக்கையோடு சேர்ந்த பதில்.

ஆஃப்செட் அச்சில் முதலில் பிளேட் என்ற அச்சுத் தகடு செய்ய வேண்டும், இயந்திரத்தில் ஏற்றிச் சரிபார்க்க வேண்டும். ஒரு பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். அதனால் எண்ணிக்கை கூடக்கூடப் பிரதி ஒன்றின் விலை இறங்கும். டிஜிட்டல் அச்சில் பிளேட் இல்லை. ஐம்பதோ நூறோ அடிக்க அதுதான் சரி. இரண்டில் எது லாபம் என்பது சில நூறு பிரதிகளில் மாறும். அச்சகத்தில் 100, 300, 500, 1000 என்று நாலு எண்ணுக்கும் விலை எழுதி வாங்குங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்களை நானாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் அச்சகம் சொல்வதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மெய்ப்பு, வடிவமைப்பு, அட்டை எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய். 300 பிரதி, ஒன்று 75 ரூபாய் வீதம் 22,500. மொத்தம் 37,500. பிரதி ஒன்றுக்கு 125. விலை 220 என்று போடுகிறீர்கள். கடைக்குக் கொடுத்தால் கழிவு உண்டு, 30 முதல் 40 விழுக்காடு வரை கேட்பார்கள். 35 என்று வைத்தால் உங்கள் கைக்கு 143. போட்ட பணம் திரும்ப 263 பிரதி விற்க வேண்டும். அதே புத்தகத்தை நீங்களே நேரில் விற்றால் 171 பிரதியில் பணம் வந்துவிடும்.

இப்போது அச்சகத்தார் சொல்வார்: "ஆயிரமா அடிச்சா ஒண்ணு 48 ரூபாய்தான் வரும்." உண்மைதான். மொத்தம் 63,000. பிரதி ஒன்றுக்கு 63 என்று கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் கடை வழியாகப் பணம் திரும்ப 441 பிரதி போக வேண்டும். அடக்கம் பாதியானாலும் முதல் போட்ட பணம் ஒன்றரை மடங்குக்கு மேல். அந்த 63 ரூபாய் ஆயிரமும் விற்றால்தான் உண்மை. முதல் புத்தகத்துக்கு 300-க்கு மேல் போகாதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன், அழுத்தியே சொல்கிறேன். கட்டு கட்டாகக் கட்டிலுக்கடியில் கிடக்கும் தன் புத்தகத்தைப் பார்த்து எழுதுவதையே விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். தீர்ந்துபோனால் மறுபடி அடிக்கலாம்.

இடத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மில்லிமீட்டர் முதுகுள்ள 300 புத்தகத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரண்டரை மீட்டர் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வாசல் நிலையைத் தாண்டிவிடும். ஆயிரம் என்றால் எட்டு மீட்டர், 190 கிலோ. அதை எங்கே வைப்பது? எங்கள் ஊரில் இது சாதாரணக் கேள்வியில்லை. ஐப்பசி கார்த்திகையில் வாடை வீசத் தொடங்கினால் சுவரே வியர்க்கும். லேமினேஷன் அட்டையின் வெளிப்பக்கம் மட்டும் இருக்கிறது. உள்பக்கம் ஈரத்தைக் குடித்து உப்பும், வெளிப்பக்கம் உப்பாது. அட்டை நெளிந்து வெளியே சுருளும். கட்டைப் பிரிக்காமல், பிளாஸ்டிக் உறையோடு, தரையில் படாமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, படுக்கையாக அடுக்குங்கள். மழைக்காலத்தில் புத்தகத்தை அச்சகத்திலிருந்து எடுத்துவராமல் இருக்க முடிந்தால் அதுவே நல்லது. தை பிறந்து எடுங்கள்.

எண்ணும் சட்டமும்

ஐ.எஸ்.பி.என். என்பது புத்தகத்தின் அடையாள எண், 13 இலக்கம். இந்தியாவில் இதைக் கொடுப்பது ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. எழுத்தாளரே தன் பெயரில் வாங்கலாம். இதற்குக் காசு கேட்கிறவர் எண்ணுக்குக் கேட்கவில்லை, அலைச்சலுக்குக் கேட்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். கைக்கு வர நாளாகலாம், ஆகவே மெய்ப்புப் பார்க்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். தாள் அட்டைப் பதிப்புக்கு ஒரு எண், கெட்டி அட்டைக்கு வேறு எண், மின்னூலுக்கு வேறு எண். மாற்றமில்லாமல் மறுபடி அச்சிட்டால் பழைய எண்ணே போதும். இந்த எண் உரிமைச் சான்று ஆகாது, அரசு அங்கீகாரமும் ஆகாது. கடைக்காரரும் நூலகரும் உங்கள் புத்தகத்தை இன்னொன்றோடு குழப்பாமல் இருக்க உதவும், அவ்வளவே.

உரிமை, எழுதிய கணத்திலேயே உங்களுடையது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை; எழுதியவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு நிற்கும். அதே சட்டம் மற்றவர்களையும் காக்கிறது. சினிமாப் பாட்டு வரியை அத்தியாயத் தலைப்பில் போடாதீர்கள். இணையத்தில் எடுத்த படத்தை அட்டையில் போடாதீர்கள். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு ஊர்ச் சொத்து. ஆனாலும் யார் பாடிக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். உயிரோடு இருப்பவரின் குடும்பக் கதையை எழுதினால் அவரிடம் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். இதைச் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. நாளைக்கு அதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

தலைப்புப் பக்கத்தின் பின்புறம் நூல் விவரம்: தலைப்பு, ஆசிரியர், முதல் பதிப்பின் மாதமும் ஆண்டும், உரிமை, பக்கங்கள், விலை, ஐ.எஸ்.பி.என்., வெளியீட்டாளர் முகவரி, அச்சகம். இதில் ஒன்றையும் விடாதீர்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அச்சக பில்லில் வரி இருக்கலாம், விலை பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்பது

முன்பதிவு வாங்குங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் செலவைச் சமாளித்தார். கையொப்பம் என்றால் புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்ற உறுதி. அதையே நாம் வாட்ஸ்அப்பிலும் ஜிபேயிலும் செய்கிறோம். அட்டைப் படம் தயாரானதும் சொந்தக்காரர், பள்ளித் தோழர், ஊர்ச் சங்கம், வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் அனுப்புங்கள். எண்பது பேர் பணம் கட்டினால் 300 அடிக்கலாம். பதினைந்து பேர்தான் என்றால் டிஜிட்டலில் ஐம்பது அடியுங்கள். எத்தனை அடிப்பது என்பதை அந்தப் பட்டியல் சொல்லிவிடும்.

தபாலில் அனுப்ப 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்ற சேவை இருக்கிறது. புத்தகங்களுக்கென்றே வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. டெமி அளவில் 160 பக்கப் புத்தகம் அட்டையோடு 190 கிராம் அளவில் வரும். உறை போட்டாலும் முதல் படியிலேயே நிற்கும். தரைவழியாகப் போவதால் மெதுவாகத்தான் சேரும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். புத்தகத்தில் அச்சகத்தின் அல்லது பதிப்பாளரின் பெயர் இருக்க வேண்டும். விவரப் பக்கத்தில் ஒன்றையும் விடாதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ராமநாதபுரம் புத்தகத் திருவிழாவில் நம் மாவட்ட எழுத்தாளர்களின் புத்தகத்தைத் தேடி வருகிறவர்கள் உண்டு. தனி அரங்கு எடுக்க வேண்டாம், ஒரு கடைக்காரரிடம் பேசிப் பத்துப் பிரதி வையுங்கள். விற்றதற்குப் பணம், விற்காததற்குப் புத்தகம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அரசு பொது நூலகங்களுக்கு நூல் கொள்முதல் அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கலாம். எடுத்தால் நல்லது, ஆனால் அதை நம்பி ஆயிரம் அடிக்காதீர்கள்.

கடைசியாக, பலர் விட்டுவிடும் ஒரு வேலை. 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியிட்ட 30 நாளுக்குள் நாலு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதியை நம் செலவில் அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை ஆசியவியல் கழக நூலகம், டெல்லி பொது நூலகம். வெளியீட்டாளர் நீங்கள் என்றால் கடமையும் உங்களுடையது. நான் தங்கச்சிமடம் தபாலாபீசில் நாலு உறையை எழுதிக்கொண்டிருந்தபோது பெரியப்பாவும் கூட வந்திருந்தார். ஒவ்வொரு முகவரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கொல்கத்தா உறையை மட்டும் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் வைத்திருந்தார்.

"அங்க இருக்குறவகளுக்கு நீவாடுன்னா தெரியுமாத்தா?"

"பின்னாடி சொல்லடைவு போட்டிருக்கு பெரியப்பா. 137-ஆம் பக்கம்."

உறையை அவரே கவுண்டரில் நீட்டினார்.